கடைசி ஒரு சாண்

இன்வர்டோலில் இறைச்சிக் கடை ஒன்றே ஒன்றுதான். அதை நடத்தியவள் இஷ்பெல் லாமோண்ட். உலக யுத்தம் முடிந்து மூன்று வருஷமாகியும் கறி அப்போது பங்கீட்டில்தான் கிடைத்தது. ஆளுக்கு எவ்வளவு என்பதை லண்டனில் இருக்கிற அரசாங்கம் தீர்மானித்தது. அந்த அளவுக்குள் தொடைக்கறியா கழுத்தெலும்பா என்பதை இஷ்பெல் தீர்மானித்தாள். ஊர் ஆண்கள் பாதிரியாரைக் கண்டால் தொப்பியைத் தொடுவார்கள். இஷ்பெலைக் கண்டால் கழற்றிவிடுவார்கள்.

கடையைச் சாத்தியதும் ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு, கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கும் மட்டையை எடுத்துக்கொண்டு அவள் கடற்கரைப் புல்தரைக்குக் கிளம்புவாள். கோல்ஃபில் பந்தை வானத்தில் பறக்க விடுவது ஒரு வேலை, புல்லில் உருட்டிக் குழியில் சேர்ப்பது இன்னொரு வேலை. எங்கள் கழகத்தில் முதல் வேலை கிடையாது. தரையோடு உருட்டுவது மட்டும்தான். பதினெட்டுக் குழிகள். உதறிப் போட்ட போர்வை மாதிரி மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் தரை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தேநீர்க் கொட்டகை. கோடையில் வெளிச்சம் லேசில் போகாது என்பதால், சாப்பிட்டுவிட்டு வந்துகூட ஒரு சுற்று ஆடலாம்.

தூரத்தை இஷ்பெல் அளந்ததுபோல இந்தக் கரையில் யாரும் அளந்ததில்லை. மேட்டைத் தாண்டி, பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறி, நாற்பது கஜம் தள்ளியிருக்கும் குழியை நோக்கி அவள் உருட்டுவாள். பந்து வழியில் எந்த அவசரமும் காட்டாது. குழிக்கு ஒரு சாண் இருக்கும்போது, வாசலில் செருப்பைக் கழற்றுகிற விருந்தாளிபோல, நின்றுவிடும். அநேகமாக எப்போதும் முன்னாலேயே நிற்கும். உள்ளே போகாது, தாண்டியும் போகாது.

எப்படி என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லுவாள். பந்தைப் பார்த்துக்கொண்டு ஒத்திகை பார்க்கக் கூடாது. பந்து நிற்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டுதான் மட்டையை இரண்டு தரம் வீசிப் பார்க்க வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு ரொட்டித் துண்டைத் தூக்கிப் போடும்போது யாரும் கையைப் பார்ப்பதில்லை அல்லவா, அதுபோல. தூரம் கூடினால் அழுத்தத்தைக் கூட்டக் கூடாது. மட்டையைப் பின்னால் கொண்டுபோகும் அளவைத்தான் கூட்ட வேண்டும். புல் வெட்டும் இயந்திரம் நம்மைவிட்டு விலகிப் போன பட்டை பளபளக்கும், அதில் பந்து ஓடும். நம்மை நோக்கி வந்த பட்டை கருத்திருக்கும், அதில் இழுக்கும். கிழக்குக் காற்று இரண்டு நாள் அடித்தால் தரை காய்ந்து தகடாகும். கடல் மூடுபனி இறங்கிவிட்டால் புல் நனைந்து பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏற்றமென்றால் குழி இன்னும் கொஞ்சம் பின்னால் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும், இறக்கமென்றால் முன்னால். எல்லாவற்றையும்விட முக்கியமானது கடைசி முழம். வேகமாக ஓடும் பந்து சரிவை மதிக்காது. ஓய்ந்துபோன பந்தைத்தான் சரிவு தன் பக்கம் இழுக்கும்.

கறி வெட்டிப் பழகிய கையல்லவா, அதனால்தான் இந்தக் கணக்கு என்று கொட்டகையில் சிலர் ஆராய்ச்சி செய்தார்கள். இஷ்பெல் அதைக் கேட்டுச் சிரித்தாள். "அப்படின்னா எபன் என்னைவிட நல்லா ஆடணுமே. அவருதான் காலையில இருந்து வெட்டறாரு."

எபன் அவள் கணவன். கடையின் பின்கட்டில் சாஸேஜ் சுற்றுவான். கோல்ஃப் ஆடமாட்டான், பேசவும் மாட்டான். ஊருக்குத் தெரியாத ஒரு விஷயம் அவனுக்கு மட்டும்தான் தெரியும்: இஷ்பெலுக்கு அந்தக் கடைசி ஒரு சாணைப் போடத் தெரியாது.

இது வெளியே தெரியாமல் இருந்ததற்குக் காரணம் எங்கள் ஊர் வழக்கம்தான். மட்டையில் தோல் சுற்றிய பிடி இருக்கிறதே, அந்த நீளத்துக்குள், கிட்டத்தட்ட ஒரு சாணுக்குள், எதிராளியின் பந்து வந்து நின்றுவிட்டால் நாம் "எடுத்துக்கோ" என்று சொல்லிவிட வேண்டும். அவர் இன்னொரு உருட்டில் போட்டதாகக் கணக்கு வைத்துப் பந்தைக் கையில் எடுத்துக்கொள்வார். சட்டத்தில் இது கட்டாயமில்லை. ஆனால் சொல்லாமல் நிற்பவனை இன்வர்டோலில் கோழி திருடியவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். அதிலும் எதிராளி கறிக்கடைக்காரி என்றால் கேட்கவே வேண்டாம். பந்து இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே "எடுத்துக்கோம்மா, எடுத்துக்கோ" என்று கத்திய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்படி வருஷக்கணக்காக எடுத்து எடுத்தே பழகியதில், போடும் பழக்கம் கைவிட்டுப் போனது. நீளமான உருட்டுக்குச் சொன்னபடி கேட்கும் கை, ஒரு சாண் என்றால் வெட்டி இழுக்கும். பந்து இடப்பக்கம் போகும், வலப்பக்கம் போகும், ஒருமுறை காலுக்கிடையே பின்னால்கூடப் போனதாக எபன் சத்தியம் செய்வான். சமையலறைத் தரையில் தேநீர்க் கோப்பையைச் சாய்த்து வைத்து இரகசியமாகப் பழகிப் பார்த்தாள். கூடத்திலிருந்து உருட்டினால் கோப்பையின் வாய்க்கு அருகில் வந்து நின்றது. அங்கிருந்து உருட்டினால் கோப்பை உடைந்தது.

அதனால் மொத்த உருட்டுகளைக் கூட்டிக் கணக்கிடும் போட்டி நாட்களில் அவள் தலைகாட்ட மாட்டாள். அந்தப் போட்டியில் எல்லாரும் எல்லாப் பந்தையும் குழிக்குள் போட்டே ஆக வேண்டும், விட்டுக்கொடுக்கும் பேச்சே இல்லை. ஒரு வருஷம் முட்டி வலி, ஒரு வருஷம் சரக்கு வண்டி வரும் நாள், ஒரு வருஷம் அபர்டீனில் இருக்கும் சித்தப்பா மகளின் சாவு. அந்தச் சித்தப்பா மகள் அடுத்த வருஷமும் செத்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. வரிசையில் நிற்பவர்களுக்கு வாரக் கடைசியில் கறி வேண்டுமே.

கேட்டவன் முங்கோ ரெய்ட். அவனால் கேட்க முடிந்தது, ஏனென்றால் அவன் சொந்தப் படகு வைத்திருந்தான், கறி தின்னமாட்டான். மூன்று வேளையும் ஹெர்ரிங் மீன்தான். கழகத்துக்கு அவன்தான் தலைவர், பல வருஷமாக. அவன் உருட்டினால் பந்து குழியைக் கண்டுகொள்ளாது. தாண்டிப் போய், அந்தப் பக்கம் மூன்று நாலு எட்டு தள்ளித்தான் நிற்கும். நேராகக் குழியின் நடுவில் போனால்கூட மேலே குதித்துக் கடந்துவிடும். அவ்வளவு வேகம். ஆனால் திரும்பி வரும் உருட்டில் அவன் கெட்டிக்காரன். வாழ்நாள் பூராவும் தாண்டிப்போன பந்தைத் திருப்பிக் கொண்டுவந்தே பழகிய கை. அந்த மூன்று நாலு எட்டுத் தூரத்தை அவன் தவறவிடுவது அபூர்வம்.

எங்கள் கழகத்தில் செப்டம்பர் மாதப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் வென்றவர்தான் அடுத்த வருஷத்துத் தலைவர். தலைவர்தான் பக்கத்து ஊரான கில்ரோஸோடு ஆடும் அணியைத் தேர்ந்தெடுப்பார். அது ஜோடி ஆட்டம், இருவர் ஒரே பந்தை மாறி மாறி உருட்ட வேண்டும். அந்த அணியில் ஆட வேண்டும் என்பது இஷ்பெலின் ரொம்ப நாள் ஆசை. முங்கோ அவளைச் சேர்த்ததே இல்லை. கேட்டால், "கில்ரோஸ்காரன் விட்டுக்கொடுக்க மாட்டான் இஷ்பெல். அங்கெல்லாம் போட்டுக் காட்டணும்" என்பான். சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்ப்பான்.

நாற்பத்தெட்டாம் வருஷம் இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்கள் இவர்கள் இருவரும்தான். இஷ்பெல் ஜெயித்தால் அணியை அவளே தேர்ந்தெடுப்பாள். தோற்றால் இன்னொரு வருஷம் கில்ரோஸ் போகிறவர்களுக்குச் சாஸேஜ் கட்டிக் கொடுப்பாள்.

ஆட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை முங்கோ மதுக்கடையில் கண்ணாடி டம்ளரை மேசையில் வைத்து எல்லார் முன்னாலும் சொன்னான். "சனிக்கிழமை நான் ஒரு சாண்கூட விட மாட்டேன். அரைச் சாண்கூட விட மாட்டேன். குழி விளிம்புல தொங்கினாலும் தட்டிவிட்டுத்தான் ஆகணும்."

அஞ்சலக அதிகாரியும் கழகச் செயலாளருமான கில்லெஸ்பி இருமினார். "முங்கோ, அது நம்ம ஊரு வழக்கமில்லையே."

"சட்டத்துல இருக்கா?"

"சட்டத்துல இல்ல."

"அப்புறம் என்ன? அந்தம்மாவுக்கு ஏன் வருஷா வருஷம் ஒரே சொந்தக்காரி சாகறான்னு யாராவது யோசிச்சீங்களா? நான் யோசிச்சேன்."

வெள்ளிக்கிழமை காலை கடை வரிசையில் அவன் மனைவி பெத்தியா நின்றாள். பெத்தியாவுக்குக் கறி என்றால் உயிர். மீன்காரனைக் கட்டிக்கொண்டதில் அவளுக்கிருந்த ஒரே வருத்தம் அதுதான். இஷ்பெல் அவளுக்கு எடுத்து வைத்ததில் எலும்பு எது கறி எது என்று கண்டுபிடிக்கக் கண்ணாடி போட வேண்டியிருந்தது.

"இஷ்பெல், போன வாரம் கொடுத்தியே, அந்த மாதிரி..."

"போன வாரம் ஆட்டுக்குத் தொடை இருந்துச்சு பெத்தியா."

"இந்த வாரம்?"

"இந்த வார ஆடு நொண்டி."

வரிசை முழுவதும் குலுங்கியது. பெத்தியா பொட்டலத்தைக் கூடையில் போட்டாள். "நான் என்னம்மா பண்ணுவேன்? அந்த மனுஷன் வாயை மூடுன்னு சொன்னாத்தான் அகலமாத் திறக்கறாரு."

"உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆடு நொண்டினா நொண்டிதான்."

அன்று மாலை இஷ்பெல் சமையலறையில் கோப்பையை மறுபடி சாய்த்து வைத்தாள். எபன் பேசாமல் நல்ல கோப்பைகளையெல்லாம் பரணில் ஏற்றினான்.

"ஏதாவது சொல்லேன்" என்றாள் அவள்.

எபன் யோசித்தான். "தகரக் குவளையை வெச்சுக்கோ."

சனிக்கிழமை பாதி ஊர் புல்தரையைச் சுற்றி நின்றது. காற்று இல்லை, தரை காய்ந்திருந்தது. கில்லெஸ்பி நடுவர். முதல் குழியில் இஷ்பெலின் பந்து வழக்கம்போல ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. அவள் குனியப் போனாள். முங்கோ வாயைத் திறக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தான், கடலில் ஏதோ முக்கியமான வேலை நடப்பதுபோல.

யாரோ, "சீ" என்றார்கள். முங்கோவின் காது சிவந்தது. ஆனாலும் அவன் திரும்பவில்லை.

இஷ்பெல் நின்று உருட்டினாள். கை வெட்டியது. பந்து குழியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று. ஊர் முழுக்க அந்த நொடியில் ஒரே விஷயத்தைப் புரிந்துகொண்டது. அபர்டீனில் இருந்த சொந்தக்காரி உட்பட எல்லாமே விளங்கிவிட்டது.

ஐந்து குழிகள் முடிவதற்குள் முங்கோ மூன்று குழி முன்னிலையில் இருந்தான். எங்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு குழியும் தனிச் சண்டை. குறைந்த உருட்டில் போட்டவருக்கு அந்தக் குழி, கடைசியில் யாரிடம் அதிகக் குழிகளோ அவருக்கு ஆட்டம்.

ஆறாவது குழி இறக்கம். முந்தைய குழியை வென்றவர் முதலில் உருட்ட வேண்டும் என்பதால் முங்கோ தொடங்கினான். பந்து எப்போதும்போலத் தாண்டிப்போய் அந்தப் பக்கம் நின்றது. இஷ்பெல் உருட்டினாள். மனம் கலங்கியிருந்ததாலோ என்னவோ, அவள் வாழ்க்கையில் அபூர்வமாகக் கணக்குத் தப்பியது. பந்து குழியின் ஓரத்தைத் தடவிக்கொண்டு கடந்து, ஒரு சாண் பின்னால் போய் நின்றது.

முங்கோ தன் பந்துக்குப் பின்னால் போய்க் குந்தினான். குந்தியவன் எழுந்திருக்கவில்லை. அவன் பந்துக்கும் குழிக்கும் நடுவில், வழியை அடைத்துக்கொண்டு, இஷ்பெலின் பந்து உட்கார்ந்திருந்தது.

எங்கள் கழகத்தில் இதற்கு மறிப்பு என்று பெயர். வழியில் கிடக்கும் எதிராளியின் பந்தை எடுக்கச் சொல்ல முடியாது. சுற்றிப் போகலாம், தாண்டிக் குதிக்க வைக்கலாம். இல்லாவிட்டால் ஒரே வழிதான். எதிராளிக்கு அந்த உருட்டை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். "எடுத்துக்கோ" என்று சொன்னால் பந்து கையில் ஏறிவிடும், வழி திறந்துவிடும்.

இத்தனை வருஷத்தில் இவர்களுக்குள் மறிப்பு விழுந்ததே கிடையாது. அவள் எப்போதும் குழிக்கு இந்தப் பக்கம், அவன் எப்போதும் அந்தப் பக்கம்.

முங்கோவின் வாய் தானாகத் திறந்தது. "எடு..." என்று ஆரம்பித்தவன் மதுக்கடையில் சொன்னது ஞாபகம் வந்து மிச்சத்தை விழுங்கிவிட்டான்.

"என்னமோ சொன்னீங்களே முங்கோ?" என்றார் கில்லெஸ்பி.

"தொண்டையில மீன் முள்ளு."

அவன் சுற்றிப் போக முயன்றான். அவன் வேகத்துக்குச் சரிவு வளைந்து கொடுக்கவில்லை. பந்து நேராக ஓடி எங்கோ போயிற்று. திரும்பி வந்தபோதும் தப்பியது. அவன் நாலு உருட்டில் முடித்தான். இஷ்பெல் அந்த ஒரு சாணை இரண்டு தரத்தில் போட்டுத் தொலைத்தாள். மொத்தம் மூன்று. குழி அவளுடையது.

அவள் பந்தைக் குழியிலிருந்து எடுத்து ஏப்ரன் இல்லாத இடுப்பில் துடைத்தாள். முங்கோவைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், குழிக்குப் பின்னால் இருந்த புல்லைப் பார்த்தாள். கறிக்கடையில் ஒருவர் இன்ன துண்டு வேண்டும் என்று கைகாட்டும்போது அவள் முகத்தில் வரும் பார்வை அது.

அதற்குப்பிறகு முங்கோ முதலில் உருட்ட நேர்ந்த குழிகளிலெல்லாம் ஆட்டமே வேறாயிற்று. அவன் பந்து எங்கே நின்றது என்று அவள் பொறுமையாகப் பார்ப்பாள். குழிக்குப் பின்னால் ஒரு சாணில், அவன் வழிக்கு நேராக, ஒரு புல்லைத் தேர்ந்தெடுப்பாள். அந்தப் புல்லைப் பார்த்துக்கொண்டே இரண்டு தரம் மட்டையை வீசுவாள். பந்து மேட்டை ஏறி, இறங்கி, குழியை ஒட்டிக் கடந்து, போய் உட்கார்ந்துகொள்ளும்.

"இஷ்பெல், நீ என்ன வழியில கடை போடறியா?" என்று முங்கோ கத்தினான்.

"வேணும்னா ஒரு வார்த்தை சொல்லு. மூட்டை கட்டிக்கிறேன்."

"சொல்ல மாட்டேன்."

"அப்ப சுத்திப் போ."

ஒரு குழியில் அவன் பந்தைத் தாண்டிக் குதிக்க வைக்கப் பார்த்தான். புல் ஒரு கை அளவுக்குப் பெயர்ந்து வந்தது, பந்து வரவில்லை. கில்லெஸ்பி கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு குழியில் குழியை ஒட்டிக் கடக்க வேண்டிய இஷ்பெலின் பந்து மனம் மாறி உள்ளேயே விழுந்துவிட்டது. தாண்டிப் போகிற வேகம் இருந்தால்தான் குழிக்குள் விழ வாய்ப்பே உண்டு என்பது அவளுக்கு அன்றுதான் கண்ணால் பார்க்கக் கிடைத்தது. அவளே திடுக்கிட்டு, "ஐயோ, மன்னிச்சுக்கோ" என்றாள்.

அவள் முதலில் உருட்ட வேண்டிவந்த குழிகளில் பழைய அவதிதான். அவன் பந்து எங்கே நிற்கும் என்று தெரியாது, வழி மறிக்க முடியாது, கடைசியில் அந்த ஒரு சாண் வந்து கையை வெட்டும். இப்படி இழுபறியாகப் போய், ஒரு குழி முன்னிலை வரை ஏறினாள். பதினேழாவதை முங்கோ வென்றான். ஆட்டம் சமன்.

கடைசிக் குழி தேநீர்க் கொட்டகைக்கு முன்னால் இருக்கிறது. நீளமானது, நடுவில் ஒரு பெரிய மேடு, குழிக்குப் பின்னால் தரை ஒருபக்கமாகச் சரியும். பதினேழை வென்றதால் முங்கோதான் தொடங்க வேண்டும். அவனுக்கே அது பிடிக்கவில்லை. வென்றதற்குத் தண்டனைபோல இருந்தது. அடித்தான். பந்து தாண்டிப்போய் நாலு எட்டு தள்ளி, சரிவின் மேல்பக்கம் நின்றது.

இஷ்பெல் மேட்டின் மேல் ஏறி நின்று அந்தப் பக்கம் பார்த்தாள். தரை காலையைவிடக் காய்ந்திருந்தது; ஊர் முழுக்க நடந்து நடந்து புல் படிந்திருந்தது. அவள் குனிந்து உள்ளங்கையால் தடவினாள். திரும்பி வந்தாள். இரண்டு தரம் வீசினாள். உருட்டினாள்.

பந்து மேட்டின் உச்சியில் யோசித்தது. பிறகு இறங்கியது. குழியின் இடது விளிம்போடு பேசிவிட்டுப் போவதுபோலக் கடந்து, ஒரு சாண் பின்னால், முங்கோவின் பந்துக்கு நேர் எதிரில் நின்றது. கூட்டத்தில் ஒருவர் கைதட்ட ஆரம்பித்து, பக்கத்தில் இருந்தவர் முறைத்ததும் நிறுத்தினார்.

இப்போது முங்கோவின் நிலைமை இதுதான். விட்டுக்கொடுத்தால் அவள் கணக்கு இரண்டு. வழி திறக்கும். இந்தத் தூரத்தை அவன் தூக்கத்தில்கூடப் போடுவான். போட்டால் சமன், இன்னொரு குழி ஆடலாம். விட்டுக்கொடுக்காவிட்டால் சுற்றிப் போக வேண்டும். ஆனால் அவள் அந்த ஒரு சாணைப் போட்டே ஆக வேண்டும், அவளால் முடியாது. ஒரு ஆபத்தும் உண்டு. அவன் பந்து அவள் பந்தில் பட்டு, அது குழிக்குள் விழுந்தால், அவள் முந்தைய உருட்டிலேயே போட்டதாகக் கணக்கு. சட்டம் அப்படி.

"முங்கோ!" என்று கூட்டத்திலிருந்து பெத்தியாவின் குரல். "ஒரு வார்த்தைதானே, சொல்லிடுங்க! ஞாயித்துக்கிழமை வருது!"

"நீ சும்மா இரு!"

"எத்தனை ஞாயித்துக்கிழமைதான் நான் ஹெர்ரிங்கைப் பாத்துக்கிட்டு இருக்கறது?"

"யோவ், சொல்லித் தொலையும்யா" என்றார் ஒருவர். "தேநீர் ஆறுது."

முங்கோ இஷ்பெலைப் பார்த்தான். அவள் கை மட்டையின் பிடியில் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அதை அவன் பார்த்துவிட்டான். அந்தக் கையைப் பார்த்த பிறகு எந்த மீன்காரனும் விட்டுக்கொடுக்க மாட்டான்.

"சுத்திப் போறேன்" என்றான்.

சரிவின் மேலிருந்து, இஷ்பெலின் பந்துக்கு அகலமாக ஒதுக்கி உருட்டினால் கடைசியில் சரிவே பந்தைக் குழிப் பக்கம் கொண்டுவந்து சேர்க்கும். வழியைச் சரியாகத்தான் பார்த்து வைத்தான். அந்த வழி அவனுடைய வழக்கமான வேகத்துக்குப் பொருத்தமான வழி. ஆனால் காலையிலிருந்து அவன் வேகமே அவனுக்கு எதிரியாக இருந்திருக்கிறது. எத்தனை பந்து எங்கெங்கோ ஓடியது! இந்த ஒருமுறை மட்டும் நிதானமாக உருட்டுவோம் என்று அவன் கை நினைத்துவிட்டது.

உருட்டினான். எங்களில் யாரும் முங்கோ அவ்வளவு மெதுவாக உருட்டிப் பார்த்ததில்லை. பந்து அழகாகப் புறப்பட்டது. ஓய்ந்த பந்தைச் சரிவு விடுமா? எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே அது வளைய ஆரம்பித்தது. வளைந்தது, இன்னும் வளைந்தது. இஷ்பெலின் பந்தின் பின்பக்கத்தில், தூங்குகிற ஆளைத் தோளில் தொட்டு எழுப்புவதுபோல, மெத்தென்று தட்டியது.

அவள் பந்து எழுந்தது. ஒரு சாண் உருண்டது. உள்ளே விழுந்தது.

எவ்வளவு வேகம் வேண்டுமோ அவ்வளவுதான், ஒரு இம்மி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முங்கோவின் வாழ்நாளில் அவன் அளந்து உருட்டிய முதல் உருட்டு அது.

கில்லெஸ்பி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். சட்டத்தை ஒரு தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். "கடைசிக் குழி. இஷ்பெல் லாமோண்ட், ஒரே உருட்டு. ஆட்டமும் அவங்களுக்கே."

அப்போது எழுந்த சத்தத்தில் தண்ணீரில் உட்கார்ந்திருந்த கடற்காகங்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. எபன் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கினான். "வீட்டுல கோப்பையை இறக்கிடலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான்.

முங்கோ குழிக்குப் பக்கத்தில் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான். கடலில் வலை அறுந்துபோனால் மீனவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு நிமிர்ந்து கையை நீட்டினான். இஷ்பெல் குலுக்கினாள்.

"நான் விட்டிருந்தா நீ இப்ப ஜெயிச்சிருக்க மாட்டே" என்றான்.

"தெரியும். நீ விட மாட்டேன்னும் தெரியும்."

கொட்டகையில் தேநீர் குடிக்கும்போதே எல்லாரும் கில்ரோஸ் அணியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். புதுத் தலைவர் வழக்கமாக அடுத்த வாரம்தான் சொல்லுவார். இஷ்பெலுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள்.

"முதல் ஜோடி நானும் முங்கோவும்."

முங்கோ தான் கேட்டது சரிதானா என்று பெத்தியாவைப் பார்த்தான். பெத்தியாவுக்கும் தெரியவில்லை.

"கிண்டலா?" என்றான்.

"கிண்டலுக்கு எனக்கு நேரமில்ல. ஒரே பந்து, மாத்தி மாத்தி உருட்டணும். நீளத்தை நான் பாத்துக்கறேன். பந்தைக் கொண்டுபோய்க் குழிகிட்ட வெக்கறது என் வேலை. மிச்சம் இருக்கற ஒரு சாண் உன் வேலை. கில்ரோஸ்காரன் விட்டுக்கொடுக்க மாட்டான்னு நீதானே சொல்லிக்கிட்டே இருந்தே? கொடுக்காட்டிப் போறான்."

"மொதல்ல உருட்டறது என் முறையா வந்தா?"

"நீ எப்பவும்போலத் தாண்டிப் போ. திரும்பக் கொண்டாந்து வெக்கிறேன்."

முங்கோ தேநீரைச் சுழற்றினான். அதில் நியாயம் இருப்பது, ஒப்புக்கொள்ளப் பிடிக்காவிட்டாலும், அவனுக்கு விளங்கிவிட்டது. யாரையும் பார்க்காமல் கேட்டான்.

"ஒரு சாண்னா, குழிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"எந்தப் பக்கம் வேணும்னு சொல்லு" என்றாள் இஷ்பெல். "வெட்டித் தர்றேன்."